பெரியப்பாவுக்குக் கப்பல் கதை சொன்னது

அந்தப் புத்தகத்தை நூறு பக்கம் படித்து முடித்தபோது எனக்குப் புரிந்தது பாதிதான். ஆனாலும் கீழே வைக்க மனசு வரவில்லை. புரியாத பாதியில் முக்கால்வாசி கயிறு. ஒரு கப்பலில் இத்தனை கயிறு இருக்கும் என்றோ, ஒவ்வொரு கயிற்றுக்கும் தனித்தனியாகப் பேர் வைத்திருப்பார்கள் என்றோ நான் அதுவரை யோசித்ததில்லை. பேட்ரிக் ஓ'பிரையன் எழுதிய 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் கடற்படைக் கதை. பழைய புத்தகக் கடையில் 80 ரூபாய்க்குக் கிடைத்தது.

2003இல் வந்த படத்தைப் பார்த்த ஞாபகத்தில்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் படத்தின் கதை இதில் இல்லவே இல்லை. இது வரிசையில் முதல் நாவல். படத்தின் கதையைப் பெரும்பாலும் பத்தாவது நாவலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்தாவதிலும் எதிரிக் கப்பல் அமெரிக்கக் கப்பல். படத்தில் அதைப் பிரெஞ்சுக் கப்பலாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்கக் காசில் எடுத்த படத்தில் அமெரிக்கன் அடி வாங்கினால் டிக்கெட் யார் வாங்குவது?

நாவல் ஒரு கச்சேரியில் ஆரம்பிக்கிறது. 1800ஆம் வருஷம், மத்தியதரைக் கடலில் மினோர்க்கா தீவு, மஹோன் துறைமுகம், ஆளுநர் மாளிகை. பதவி உயர்வு கிடைக்காத கடுப்பில் இருக்கும் ஆஜானுபாகுவான கடற்படை அதிகாரி ஜாக் ஆப்ரி, இசையில் சொக்கிப்போய்த் தொடையில் தாளம் போடுகிறார். தாளம் தப்பு. பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஒடிசலான ஆள், ஸ்டீபன் மாச்சுரின், முழங்கையால் விலாவில் ஒரு இடி இடிக்கிறார். விஷயம் கத்தி வரைக்கும் போயிருக்கும். அதற்குள் ஆப்ரிக்கு ஒரு சின்னக் கப்பலுக்குத் தலைவராக நியமன உத்தரவு வந்துவிடுகிறது. வந்த சந்தோஷத்தில் இடித்தவரையே தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார். பேச்சுவாக்கில் அந்த ஆள் ஒரு வைத்தியர், கையில் காலணா இல்லாதவர் என்று தெரிகிறது. கப்பலுக்கு வைத்தியர் வேண்டும். முடிந்தது. இந்த இரண்டு பேரின் சிநேகம் இருபது நாவல்களுக்கு ஓடுகிறது. ஆசிரியர் இறந்தபோது இருபத்தொன்றாவது பாதியில் நின்றது.

வைத்தியருக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு இளம் மாலுமி அவரைப் பாய்மரத்தின் மேலே கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு கயிறாகக் காட்டிப் பாடம் நடத்துகிறான். வைத்தியர் தலையை ஆட்டுகிறார். ஏறுவது ஒன்றும் இல்லை. வாசிக்கிற எனக்கும் ஏறவில்லை. அங்கேதான் ஓ'பிரையனின் சாமர்த்தியம். புரியாத வாசகனுக்குக் கதைக்குள்ளேயே புரியாத ஒரு ஆளைத் துணைக்குக் கொடுத்துவிடுகிறார். இருபது நாவல் தாண்டியும் மாச்சுரின் கற்றுக்கொள்ளவே இல்லை. படகிலிருந்து கப்பலுக்கு ஏறும்போது கால் வைக்கத் தெரியாமல் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறார்.

என்னைக் கவிழ்த்த வார்த்தை 'ஷீட்'. ஷீட் என்றால் விரிப்பு. அப்படியானால் பாய்தானே என்று நானாக முடிவு கட்டிக்கொண்டு நாற்பது பக்கம் ஓட்டிவிட்டேன். சண்டையின் நடுவில் ஷீட் அறுந்து பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும் இடத்தில்தான் முழித்தேன். பாய் அறுந்தால் எது அடித்துக்கொள்ளும்? அகராதியைப் பார்த்தேன். அது கயிறாம். பாயின் கீழ் மூலையில் கட்டி இழுத்துப் பிடிக்கிற கயிறு.

அப்போதுதான் தூத்துக்குடியில் இருக்கும் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. என்ஜின் வருவதற்கு முன்னால், தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்த காலத்தில், அதில் வேலை பார்த்தவர். போன் போட்டேன்.

"பெரியப்பா, பாயோட கீழ் மூலைல கட்டி இழுத்துப் பிடிக்கிற கயித்துக்கு நம்மள்ல என்ன பேரு?"

"தாமான்லா. எதுக்குக் கேக்க?"

"பாயை மேல ஏத்துற கயிறு?"

"ஆஞ்சான். ஏல, உனக்கு ஆபீஸ்ல கப்பல் வேலையா குடுத்திருக்காவ?"

பாயைத் தாங்குகிற குறுக்குக் கட்டை பருமல். கப்பலின் முன்பக்கம் அணியம். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். அந்தக் காகிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அது வேறு புத்தகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கொண்டுபோய்ச் சேர்க்காத இடத்துக்குப் பெரியப்பாவின் ஆஞ்சான் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது புத்தகத்தையும் எடுத்துப் போனேன். கப்பல்காரர்கள் எதிரியைவிடக் கரையைக் கண்டு ஏன் இத்தனை பயப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இருந்தது. கரை என்றால் தப்பித்த மாதிரிதானே? பெரியப்பா திண்ணையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தார். அது கரை. தீப்பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தார். அது தோணி. பிறகு குனிந்து, தீப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வாயால் ஊதினார். தீப்பெட்டி நகர்ந்து டம்ளரில் மோதி நின்றது. "கடல்ல இருந்து கரைக்குக் காத்தடிச்சா அவ்வளவுதான். நீ அந்தப் பக்கம் திருப்பினாலும் இந்தப் பக்கம் திருப்பினாலும் அது உன்னய இங்கதான் கொண்டாரும். நங்கூரம் பிடிச்சாப் பிழைச்ச."

சதுரப் பாய் கட்டிய அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் மோசம். திசைகாட்டியை 32 பங்காகப் பிரித்தால், காற்று வரும் திசைக்கு ஆறு பங்குக்கு மேல் அவற்றால் நெருங்க முடியாது. அதாவது கிட்டத்தட்ட 67 பாகை. காற்றுக்கு எதிரே போக வேண்டுமானால் குறுக்கும் மறுக்குமாக நாள்கணக்கில் இழைக்க வேண்டும். அதனால்தான் சண்டைக்கு முன்னால் இரண்டு தரப்பும் காற்று வரும் பக்கத்தைப் பிடிக்க மணிக்கணக்கில் போட்டி போடுகின்றன. மேல்காற்றில் இருப்பவன் நினைத்தால் வந்து மோதலாம், நினைத்தால் விலகலாம். கீழே இருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்த நாவல்களில் பீரங்கி வெடிக்கிற பக்கங்கள் குறைவு. காற்றுக்காகக் காத்திருக்கிற பக்கங்கள்தான் அதிகம். சண்டையை மட்டும் தேடுகிறவர்கள் அம்பதாம் பக்கத்திலேயே ஓடிவிடுவார்கள். ஓடட்டும்.

சின்னச் சின்ன விஷயங்களில் நான் ரொம்ப நேரம் நின்றேன். கப்பலின் வேகத்தை எப்படி அளப்பார்கள்? ஒரு சின்னப் பலகையைக் கயிற்றில் கட்டிப் பின்பக்கமாகத் தண்ணீரில் போடுவார்கள். பலகை போட்ட இடத்திலேயே மிதக்க, கப்பல் முன்னே போக, கயிறு உருளையிலிருந்து ஓடும். கயிற்றில் சுமார் 47 அடிக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணல் கடிகாரம் காலியாகும்போது எத்தனை முடிச்சு கை வழியாக ஓடியிருக்கிறதோ அதுதான் வேகம். இன்றைக்கும் புயல் எச்சரிக்கையில் 'நாட்' என்று சொல்கிறார்களே, அது அந்த முடிச்சுதான். நேரத்துக்கு அரை மணி மணல் கடிகாரம். அது தீரும்போதெல்லாம் ஒரு மணியோசை கூடும். எட்டு மணியோசையில் ஒரு காவல் முடியும். சாதாரண மாலுமிக்குத் தூக்கத்துக்கு ஒதுக்கிய தூளியின் அகலம் 14 அங்குலம். என் லேப்டாப்பின் அகலம்.

முதல் நாவலின் உச்சக்கட்டம் ஒரு சண்டை. 14 பீரங்கி உள்ள ஆப்ரியின் சின்னக் கப்பல் 'சோஃபி', 32 பீரங்கி உள்ள ஸ்பானியப் போர்க்கப்பலைப் பிடிக்கிறது. அதன் பேர் 'ககாஃபுவேகோ'; ஸ்பானியத்தில் அதற்கு என்ன பொருள் என்று குடும்பத்தோடு இருக்கும்போது தேடாதீர்கள். படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சினிமாவில்கூட இவ்வளவு விடமாட்டார்கள். நம்மூர் கதாநாயகன் ஒரே ஆளாக நாற்பது பேரை அடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம், இது நடந்தது என்பதுதான்.

1801 மே 6, பார்சிலோனாவுக்கு எதிரே. கப்பலின் பேர் 'ஸ்பீடி'. தலைவர் தாமஸ் காக்ரன், ஸ்காட்லாந்து பிரபுவின் மகன், வயது 25. ஸ்பீடி ரொம்பச் சின்னக் கப்பல். பதினாலு பீரங்கியும் நாலு ராத்தல் குண்டு போடும் பொம்மைத் துப்பாக்கிகள். ஒரு பக்கத்துப் பீரங்கிகளின் குண்டுகள் மொத்தத்தையும் மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தளத்தில் உலாவலாம் என்று காக்ரனே பிறகு எழுதினார். கணக்குப் போட்டால் ஏழு குண்டு, 28 ராத்தல். ஆள் ஆறடிக்கும் மேல். அறையின் உயரம் குனிந்தால்கூடப் போதாது. அதனால் சவரம் செய்யும்போது கூரைக் கண்ணாடிச் சாளரத்தைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, மேல்தளத்தையே மேஜையாக்கிக் கண்ணாடியும் கத்தியும் வைத்துக்கொள்வாராம்.

எதிரே வந்தது 'எல் கமோ'. 32 பீரங்கி, 319 ஆள். ஸ்பீடியில் அன்றைக்கு இருந்தது 54 பேர். ஓடாமல், அமெரிக்கக் கொடியை ஏற்றி எதிரியைக் கொஞ்ச நேரம் குழப்பிவிட்டு, காக்ரன் நேராகப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டார். இரண்டு கப்பலின் கயிறுகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிற அளவு நெருக்கம். ஸ்பீடி அவ்வளவு தாழ்வு என்பதால் கமோவின் குண்டுகள் எல்லாம் தலைக்கு மேலே பாய்களைக் கிழித்துக்கொண்டு போயின. ஸ்பீடியின் குண்டுகள் கீழேயிருந்து மேலாக எதிரியின் தளத்தைப் பிளந்துகொண்டு போயின. ஸ்பானியத் தலைவர் ஆரம்பத்திலேயே செத்தார். முக்கால் மணி நேரம் இப்படிப் போன பிறகு, இனிமேல் தாங்காது, ஏறிவிடுவோம் என்று முடிவெடுத்தார் காக்ரன். சிலரை முகத்தில் கரி பூசிக்கொண்டு அணியம் வழியாக ஏறச் சொன்னார். புகைக்கு நடுவில் கறுத்த முகங்கள் கூச்சலோடு வருவதைப் பார்த்து ஸ்பானியர்கள் ஒரு கணம் திகைத்தார்கள். மற்றவர்கள் நடுப்பக்கமாகக் குதித்தார்கள். சண்டை உச்சத்தில் இருக்கும்போது காக்ரன் ஒரு ஆளை அனுப்பி ஸ்பானியக் கொடியை இறக்கச் சொன்னார். கொடி இறங்கியதைப் பார்த்த ஸ்பானியர்கள், தங்கள் அதிகாரிகள்தான் சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஆயுதத்தைக் கீழே போட்டார்கள். அத்தனை பேரும் ஏறிப்போய்விட்டதால் ஸ்பீடியின் சுக்கானைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றவர் கப்பல் வைத்தியர், கத்ரி. நாவலிலும் சுக்கானை மாச்சுரினிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கதைக்காக ஓ'பிரையன் சேர்த்த நகாசு என்று நான் நினைத்தது அதைத்தான்!

காக்ரனின் மிச்ச வாழ்க்கையை எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார். நாடாளுமன்ற உறுப்பினராகிக் கடற்படையின் ஊழலைப் போட்டு உடைத்தார். 1814இல், நெப்போலியன் செத்துவிட்டான் என்ற பொய்ச் செய்தியைப் பரப்பிப் பங்குச் சந்தையில் காசு பார்த்த வழக்கில் தண்டிக்கப்பட்டு, வேலையும் போய், சிறைக்கும் போனார். நான் குற்றமற்றவன் என்று சாகும்வரை சொன்னார். பிறகு சிலி நாட்டுக் கடற்படைக்குத் தலைமை, அப்புறம் பிரேசில், அப்புறம் கிரேக்கம். 1832இல் இங்கிலாந்து மன்னித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1860இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம். இவருடைய வேறொரு கப்பலில் 1806இல் பதினாலு வயதுப் பையனாகச் சேர்ந்த பிரெடரிக் மேரியட்தான் பிறகு நாவலாசிரியராகி, இந்த வகைக் கதைகளுக்கே பாதை போட்டவர். காக்ரனைக் கண்ணால் பார்த்தவர் அவர். மேரியட்டின் நாவல்களுக்கு நூறு வருஷம் கழித்து, 1937இல், நாவலாசிரியர் ஃபாரெஸ்டர் தன் கடற்படைக் கதாநாயகன் ஹார்ன்புளோவரைக் கொண்டுவந்தார். எனக்கு ஹார்ன்புளோவர் அவ்வளவாக ஒட்டவில்லை. எப்போது பார்த்தாலும் தன்னையே நொந்துகொள்கிற ஆள். நானே அப்படித்தான், அதற்கு எதற்குப் புத்தகம்?

முன்னுரையிலேயே ஓ'பிரையன் சொல்லிவிடுகிறார்: சண்டைகளை நான் கற்பனை செய்யவில்லை, அந்தக் காலத்துக் கப்பல் குறிப்பேடுகளுக்கும் அதிகாரிகளின் கடிதங்களுக்கும் போய் எடுத்தேன் என்று. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பிரிட்டிஷ் போர்க்கப்பலில் தலைவர் ஒரு குறிப்பேடு எழுதுவார். கப்பலோட்டும் பொறுப்பில் இருக்கிறவர் தனியாக ஒன்று எழுதுவார். மற்ற அதிகாரிகளும் எழுதுவார்கள். காற்று எந்தத் திசை, எத்தனை முடிச்சு வேகம், எந்தப் பாய் கிழிந்தது, யாருக்கு எத்தனை சவுக்கடி, எந்தப் பீப்பாயில் மாட்டிறைச்சி அழுகியிருந்தது, எல்லாம் அதில் இருக்கும். அவற்றில் நிறைய மூட்டை மூட்டையாக லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. இந்த நாவல்கள் அந்தக் காகிதத்திலிருந்து முளைத்தவை.

எழுதியவரும் காகித மனிதர்தான். பிறந்தது 1914இல், இங்கிலாந்தில், ரிச்சர்ட் பேட்ரிக் ரஸ் என்ற பேரில். 1945இல் பேரை மாற்றிக்கொண்டு, பிரான்ஸின் தென்கோடியில் கொலியூர் என்ற மீனவ ஊரில் போய் உட்கார்ந்து எழுதினார். அயர்லாந்துக்காரர் என்றே உலகம் நம்பியது. உண்மை வெளியானது 1998இல். 2000 ஜனவரியில் இறந்தார். இளமையில் பாய்க்கப்பலில் போன அனுபவம் உண்டு என்று சொல்லிவந்தவரை, தொண்ணூறுகளில் ஒரு அமெரிக்கச் செல்வந்தர் தன்னுடைய பாய்ப்படகில் மத்தியதரைக் கடலுக்கு அழைத்துப் போனார். கப்பலோட்டுவது பற்றி நடைமுறையில் இவருக்கு ஒன்றுமே தெரிந்த மாதிரி இல்லையே என்று அவர் பிறகு வியந்து எழுதினார்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். மோதிர விரல் பாதிக்கு மேல் மடங்காது. தாமான் உருவிக்கொண்டு போனதில் ஆனது. உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு, பளபளவென்று. "அப்ப, கையில ஒரு கீறல்கூட இல்லாமலா இம்புட்டும் எழுதிருக்கான்?" என்றார். கோபம் இல்லை. ஆச்சரியம்தான்.

எனக்கு அந்தக் கேள்வி வேறு மாதிரி இறங்கியது. கையில் தழும்பு இருக்கிறவர் ஒரு வரி எழுதவில்லையே. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு இத்தனை பேர் வைத்திருக்கும் கரையில், அந்தக் காற்றை நாள்வாரியாக எழுதி வைத்த ஒரு நோட்டு எங்கள் வீட்டில் இல்லை.

நம் கடலில் கதை நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 1782, 83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் ஐந்து முறை மோதினார்கள். முதலாவது 1782 பிப்ரவரி 17, சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே. இரண்டாவது ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையில். மூன்றாவது ஜூலை 6, நாகப்பட்டினம். நாலாவது செப்டம்பர் 3, திருகோணமலை. கடைசி 1783 ஜூன் 20, கடலூர். நாகப்பட்டினம் சண்டை முடிந்த அதே ஜூலையில் ஹைதர் அலி கடலூர்ப் பக்கம் வந்து சுஃப்ரேனைச் சந்தித்தார். இதில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது கடைசிச் சண்டைதான். ஐரோப்பாவில் இரண்டு நாடும் அந்த வருஷம் ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. சேதி இங்கே வந்து சேர ஐந்து மாசத்துக்கு மேல் ஆனது. முடிந்துபோன போருக்காகக் கடலூர் கடலில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இந்த ஐந்து சண்டைக்கும் ஆங்கிலக் குறிப்பேடு உண்டு, பிரெஞ்சுக் குறிப்பேடு உண்டு. கரையில் நின்று பார்த்த நம்மாள் என்ன பார்த்தான்? புதுச்சேரியில் எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி மரியாதைக்கு வெடித்தது என்று கால் நூற்றாண்டு உட்கார்ந்து எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1761இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் ஒரு இருபத்திரண்டு வருஷம் இருந்திருக்கக் கூடாதா மனுஷன்! சென்னையில் அப்போது துறைமுகமே கிடையாது. எவ்வளவு பெரிய போர்க்கப்பலானாலும் தூரத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டு, அலையைத் தாண்டிக் கரைக்கு வர நம்முடைய மசூலாப் படகுக்கும் கட்டுமரத்துக்கும்தான் காத்திருக்க வேண்டும். 'கட்டுமரம்' என்ற வார்த்தையை மட்டும் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டது. ஓட்டினவன் பேரைக் கேட்கவில்லை.

தமிழில் கடல் கதையே இல்லை என்று சொல்லவரவில்லை. பன்னிரண்டு வயதில் சாண்டில்யனின் 'கடல் புறா'வைப் பரீட்சைப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவன் நான். ஆனால் அதில் காற்று கதாநாயகனின் பேச்சைக் கேட்கும். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் தொங்கான் என்ற பாய்க்கப்பல் புயலில் சிக்குகிற இடத்தைப் படித்தபோதுதான், காற்று யார் பேச்சையும் கேட்காது என்று தமிழில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டேன். அது சில பக்கம்தான்.

இந்த முறை ஊருக்குப் போனபோது பெரியப்பாவுக்கு ஸ்பீடியின் கதை முழுவதையும் சொன்னேன். கரி பூசின இடத்தில் சிரித்தார். சுக்கான் பிடித்த வைத்தியரை ரொம்பப் பிடித்துவிட்டது. கமோவை நல்ல விலைக்கு எடுக்காமல் அல்ஜியர்ஸ்காரர்களுக்குத் தள்ளிவிட்டார்கள், காக்ரனுக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை என்றதும், "முதலாளி எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்" என்றார். பிறகு கேட்டார்:

"அந்தச் சின்னக் கப்பல் என்னாச்சு?"

இரண்டே மாசத்தில் போய்விட்டது என்றேன். ஜூலை 3ஆம் தேதி விடிகாலையில் மூன்று பெரிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் எதிரே வந்துவிட்டன. காக்ரன் எடை குறைக்க எல்லாப் பீரங்கியையும் கடலில் தள்ளினார். அப்படியும் முடியவில்லை. மணிக்கணக்கில் துரத்திப் பிடித்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தலைவர் காக்ரனின் வாளை வாங்க மறுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாராம்.

பெரியப்பாவுக்கு வாள் முக்கியமாகப் படவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "பீரங்கியெல்லாம் தூக்கிப் போட்டும் ஓட முடியலன்னா, காத்து செத்திருக்கும். சின்னக் கப்பல்தான? துடுப்புப் போட்டிருப்பானுவளே?"

போனைத் திறந்து காக்ரனின் தன்வரலாற்றில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். காற்று மெலிந்திருந்தது என்று எழுதியிருக்கிறார். நீளத் துடுப்புகளையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

"ஆமா பெரியப்பா, போட்டிருக்காங்க."

"பின்னே?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.